உள்ள கீறாரு

எங்கள் பக்கத்தில் "இருக்கிறார்" என்று யாரும் சொல்வதில்லை. "கீறாரு" என்போம். அப்பா இருக்கிறாரா என்று வாசலில் யாராவது கேட்டால், "உள்ள கீறாரு." ஆந்திராவில், எல்லையை ஒட்டிய நகரியில் பிறந்து வளர்ந்த எனக்கு இதில் வேடிக்கை எதுவும் தெரிந்ததில்லை. திருப்பதி கல்லூரி விடுதியில் என்னோடு தங்கியிருந்த மதுரைக்காரப் பெண் ஒருத்திதான் இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "உள்ள யாருடி கீறுறது? பூனையா?" என்றாள். அன்றோடு வெளியாட்களிடம் அந்தச் சொல்லை விட்டுவிட்டேன். தெலுங்கு பேசினேன், இல்லையென்றால் பத்திரிகைத் தமிழ் பேசினேன்.

அம்மா விடவில்லை. நைனா செத்துப்போன பிறகும் விடவில்லை.

அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனாவிடம் நாலு மெஷின் தறி இருந்தது. வயதானதும் மூன்றை விற்றுவிட்டு ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டார். பதினோரு மணிக்கு மோட்டாரைப் போட்டால் ஒரு மணிக்கு நிறுத்துவார். நாலு வருடத்துக்கு முன் ஒரு நாள் பதினோரு மணிக்கு மேல் எப்போதோ அந்தத் தறியின் மேலேயே சாய்ந்துவிட்டார். தறி தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்ததால் சமையலறையில் இருந்த அம்மாவுக்கு ஒரு மணி வரை ஒன்றும் தெரியவில்லை. ஒரு மணிக்கும் சத்தம் நிற்கவில்லையே என்றுதான் போய்ப் பார்த்திருக்கிறாள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் அம்மா தனியாக இருந்தாள். நான் திருப்பதியில் இருந்தேன். தனியாக இருக்கும் பெண்பிள்ளை, கதவைத் தட்டுகிற அன்னியனிடம் வீட்டில் ஆள் இல்லை என்று சொல்லமாட்டாள். எங்கள் தெருவில் எல்லாப் பெண்களும் இப்படித்தான். கேஸ்காரன் வந்தாலும் சரி, புடவை விற்பவன் வந்தாலும் சரி, "அவரு உள்ள கீறாரு, தூங்கிக்கினு கீறாரு" என்பார்கள். இதைப் பொய் என்று அம்மா நினைத்ததே இல்லை. கதவுக்குத் தாழ்ப்பாள் போடுவது பொய்யா என்ன? நைனாவின் தோல் செருப்பு வாசலில் கிடக்கும், முனை வீட்டைப் பார்த்தபடி. ஆள் உள்ளே போயிருக்கிறார் என்று அர்த்தம். இரண்டு நாளைக்கு ஒருமுறை அவருடைய சட்டை ஒன்று துவைத்துக் கொடியில் காயும்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். கிண்டல்கூடச் செய்திருக்கிறேன். எனக்கும் புருஷன் பக்கத்தில் இல்லை. அவர் சென்னைக்குப் போய் ஒன்பது வருடமாகிறது, மறுபடி சேரும் உத்தேசம் இருவருக்குமே இல்லை. திருப்பதியில் தனியாக வாடகை வீட்டில் இருக்கிறேன். யார் வந்து கேட்டாலும் நான் ஒருத்திதான், என்னிடமே சொல்லுங்கள் என்பேன். அந்தத் திமிர் எனக்கு உண்டு.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ் என்பது பெயருக்குத்தான், உண்மையான வேலை ஆன்லைனில் அப்ளிகேஷன் போடுவது. ஊரில் என்ன நடக்கிறது என்பது முதலில் என் மேஜைக்குத்தான் வரும். கரண்டு சட்டத்தைப் பற்றிய பேச்சும் அப்படித்தான் வந்தது. செல்போனுக்கு சிம் மாற்றுகிறோமே, அதுபோலக் கரண்டுக்கும் கம்பெனி மாற்றிக்கொள்ளலாமாம். வீட்டு ஓனர் எந்தக் கம்பெனியைக் கேட்கிறாரோ அந்தக் கம்பெனியே கரண்டு கொடுக்குமாம். சட்டம் இன்னும் டெல்லியில்தான் இருந்தது. ஆனாலும் கடைக்கு வந்தவர்கள் எந்தக் கம்பெனி நல்லது என்று என்னைக் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

"ஒரே போஸ்ட், ஒரே ஒயரு. அதுல வர்றது எந்தக் கம்பெனி கரண்டுன்னு எப்பிடித் தெரியும்?" என்று ஒரு டீக்கடைக்காரர் கேட்டார்.

பக்கத்தில் நின்றிருந்த ஓய்வுபெற்ற வாத்தியார் சிரித்தார். "கரண்டு அதேதான்பா. பேருதான் மாறும்" என்றார்.

வாடகைக்காரிக்கு இதில் ஒரு வேலையும் இல்லை. என் வீட்டுக்கு எந்தக் கரண்டு வரவேண்டும் என்று பெங்களூரில் இருக்கும் வீட்டுக்காரர் முடிவு செய்வார், ஃபேனுக்கடியில் நான் உட்கார்ந்திருப்பேன். அதனால் அந்தப் பேச்சை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சட்டம் வருவதற்கு முன்பே கணக்கெடுப்பு வந்துவிட்டது. எந்த இணைப்புக்கு யார் ஓனர், அவர் உயிரோடு இருக்கிறாரா, அந்த வீட்டில்தான் இருக்கிறாரா என்று பார்த்து எழுத ஆட்கள் தெருத்தெருவாக வந்தார்கள். நகரியில் எங்கள் வீட்டுக்கு ஒரு பெண் வந்திருக்கிறாள். கையில் டேப்லெட், கழுத்தில் அட்டை. "யஜமானி உன்னாரா அம்மா?" என்று தெலுங்கில் கேட்டிருக்கிறாள். தெலுங்கில் யஜமானி என்பது ஆம்பிளைக்கும் சொல்வது, ஓனர் இருக்கிறாரா என்றுதான் கேட்டாள். அம்மாவின் தெலுங்கு சந்தைத் தெலுங்கு. யஜமானி என்றால் அவளுக்குப் புருஷன்.

"உள்ள கீறாரு" என்றிருக்கிறாள்.

பெயர் என்ன என்று அந்தப் பெண் கேட்டதற்கு, புருஷன் பெயரை வாயால் சொல்லக்கூடாதென்று அம்மா பழைய கரண்டு கார்டை எடுத்துக் காட்டியிருக்கிறாள். அந்தப் பெண் வாசலில் கிடந்த செருப்பையும் கொடியில் காய்ந்த சட்டையையும் பார்த்துக்கொண்டே டேப்பில் தட்டிவிட்டுப் போய்விட்டாள். ஓனர் உயிருடன் இருக்கிறார். வீட்டில் இருக்கிறார்.

இதைப் போனில் கேட்டபோது எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. கதவைத் தட்டுபவனிடம் சொல்வது வேறு, கவர்மெண்டு டேப்பில் எழுத வைப்பது வேறு என்று கத்தினேன். அம்மா முழுவதையும் கேட்டுக்கொண்டாள். கடைசியில், "கீறாருன்னு எழுதிக்கினாங்க இல்ல, எழுதினது எழுதினதாவே இருக்கட்டும்" என்றாள். அவள் குரலில் இருந்தது சந்தோஷம். அதுதான் எனக்குச் சங்கடமாகப் போயிற்று.

அதே மாதம் அந்தத் தெருவில் புது மீட்டர் மாட்டினார்கள். அதற்குப் போனில் ஒரு ஆப் உண்டு, எந்த மணியில் எவ்வளவு கரண்டு ஓடியது என்று கட்டை கட்டையாகக் காட்டும். அம்மா ஃபேன் போடாமல் வெயிலில் கிடக்கிறாளா என்று பார்ப்பதற்காக அவள் சர்வீஸ் நம்பரை என் போனில் ஏற்றிக்கொண்டேன். காலையில் ஒரு சின்னக் கட்டை, அது மிக்சி. மத்தியானம் ஃபேன். சாயங்காலம் டிவி. நாற்பது மைல் தள்ளி உட்கார்ந்துகொண்டு அம்மாவின் நாளை முழுதாகப் பார்க்க முடிந்தது.

பதினோரு மணிக்கு ஒரு பெரிய கட்டை எழுந்து நின்றது. ஒரு மணிக்கு விழுந்தது. மறுநாளும் அப்படியே, அதற்கடுத்த நாளும் அப்படியே.

அந்த வீட்டில் அவ்வளவு கரண்டு இழுக்கும் சாமான் ஒன்றே ஒன்றுதான். அம்மாவுக்குத் தறி ஓட்டத் தெரியாது. போன் போட்டு, "பதினோரு மணிக்கு இன்னாம்மா ஓடுது?" என்றேன். "ஒண்ணும் ஓடலியே" என்றாள்.

அடுத்த நாள் கடையை மூடிவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் நகரிக்குப் பஸ் ஏறினேன். தெருமுனையில் இறங்கும்போது பதினொன்று பத்து. எங்கள் தெருவில் எந்நேரமும் ஏதாவது ஒரு வீட்டில் தறிச் சத்தம் இருக்கும். ஆனால் சின்ன வயதிலிருந்து கேட்ட தறியின் சத்தம் எத்தனை தறிக்கு நடுவிலும் தனியாகத் தெரியும். எங்கள் தறி பத்து அடிக்கு ஒரு அடி நொண்டும். நொண்டிக்கொண்டு ஓடிற்று. பட்டப்பகல், தெருவில் தண்ணீர் லாரி நிற்கிறது, பிள்ளைகள் விளையாடுகிறார்கள். எனக்கு முதுகெல்லாம் வியர்த்துவிட்டது. வாசலில் செருப்பு, முனை வீட்டைப் பார்த்தபடி. உள்ளே போக எனக்குத் துணிவில்லை. "அம்மா" என்று கூப்பிட நினைத்து, "நைனா" என்று கூப்பிட்டுவிட்டேன்.

கொட்டகையிலிருந்து அம்மாதான் வந்தாள். தறியில் பாவு இல்லை, நூல் இல்லை. வெறும் தறி ஓடிக்கொண்டிருந்தது. நைனா ஒரு நாளும் வெறும் தறி ஓட்டவிடமாட்டார். பக்கத்தில் அவருடைய ஸ்டூல், ஸ்டூலின் மேல் அவருடைய துண்டு.

"சத்தம் கேக்கணும் இல்ல" என்றாள் அம்மா. "கீறாருன்னு சொல்லிட்டு சத்தமே இல்லன்னா எப்பிடி நம்புவாங்க?"

கணக்கெடுத்த பெண் மறுபடி வந்து பார்த்தால் என்ன செய்வது என்று ஆரம்பித்தாளாம். தினமும் பதினோரு மணிக்கு சுவிட்சைப் போட்டுவிட்டு, வாசல்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாளாம். விஷயம் தெரிந்ததும் எனக்கு உயிர் வந்தது. உட்கார்ந்து இட்லி தின்றேன். தைரியம் வந்ததும், இணைப்பை உன் பெயருக்கு மாற்றிவிடலாம், ஓனர் நீதான், எந்தக் கம்பெனி என்பதையும் நீயே சொல்லலாம் என்றேன்.

அம்மாவின் முகம் மாறிவிட்டது. "அந்தப் பேர மட்டும் எடுக்காத" என்றாள்.

இரண்டு மாதம் கழித்து சித்தூரிலிருந்து நோட்டீஸ் வந்தது. கரண்டு லிஸ்டில் ஓனர் உயிரோடு இருக்கிறார், ரேஷன் லிஸ்டில் இறந்துவிட்டார், இரண்டும் ஒத்துப்போகவில்லை, ஆகவே ஓனர் நேரில் வரவும் என்று அதில் இருந்தது. வரவேண்டிய தேதி ஒரு புதன்கிழமை. அம்மாவை ஞாயிற்றுக்கிழமையே திருப்பதிக்குக் கூட்டிவந்துவிட்டேன். நகரி வீடு பூட்டிக் கிடந்தது. சாவி என் கைப்பையில்.

செவ்வாய்க்கிழமை கடையில் யாருக்கோ அப்ளிகேஷன் போட்டுக்கொண்டே, பழக்கதோஷத்தில் ஆப்பைத் திறந்தேன். திங்கள், பதினோரு மணி. பெரிய கட்டை நின்றது. ஒரு மணிக்கு விழுந்திருந்தது.

லைன்மேனுக்குப் போன் போட்டேன். எங்கள் தெருவுக்குப் பல வருடமாக வருபவர், பொறுமையான மனிதர். "சர்வர் லேட்டும்மா. முந்தா நாளு கணக்கு நேத்துன்னு ஏறும். பயந்துக்காத" என்றார். சரி என்று வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் யோசித்தேன். முந்தாநாள் ஞாயிற்றுக்கிழமை. காலை ஏழு மணி பஸ்ஸுக்கே அம்மாவை ஏற்றிவிட்டேன். ஞாயிறு பதினோரு மணிக்கு அவள் என் வீட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். இதை அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் பயப்படுவாள் என்பதற்காக அல்ல, பயப்படமாட்டாள் என்று தெரிந்ததால் சொல்லவில்லை.

புதன் காலை ரயிலில் போனோம். பாகாலாவில் வண்டி எதற்கோ வெகுநேரம் நின்றது. அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். என் மடியில் பிளாஸ்டிக் கவர். அதில் நைனாவின் இறப்புச் சான்றிதழ் இருந்தது அவளுக்குத் தெரியும்.

"ரேஷன்ல எடுத்தாங்க, ஓட்டு லிஸ்ட்ல எடுத்தாங்க, பேங்குல எடுத்தாங்க" என்றாள் அம்மா. "ஒண்ணொண்ணுக்கும் நீதான் எழுதிக் குடுத்த. நான் எதாச்சும் சொன்னனா? கரண்டு ஆபீஸ்ல மட்டும்தான் இன்னும் கீறாரு. அங்க கீறதாலதான் வூட்லயும் கீறாரு. நீ இன்னிக்கு வாயத் தொறந்தன்னா போயிடுவாரு."

"அவரு போய் நாலு வருசமாச்சும்மா" என்றேன்.

"உனுக்கு" என்றாள். வண்டி கிளம்பிவிட்டது.

சித்தூர் ஆபீசில் எங்களைப் போலப் பெயர் ஒத்துப்போகாதவர்கள் பெஞ்சு நிறைய இருந்தார்கள். எங்கள் முறை வந்தபோது அதிகாரி கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நல்ல மனிதர் என்று முகத்திலேயே தெரிந்தது. அம்மாவைப் பார்த்து, "யஜமானி எக்கட அம்மா?" என்றார். ஓனர் எங்கே?

"லோப்பல உன்னாரு சார்" என்றாள் அம்மா. உள்ளே இருக்கிறார். அவருக்குப் புரியட்டுமென்று தெலுங்கில் சொன்னாள்.

அவர் சிரிக்கவில்லை. உடம்பு முடியாதவர் என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. வரமுடியாவிட்டால் பரவாயில்லை, வரும் வாரம் நானே நகரிப் பக்கம் வருகிறேன், அவரை ஒரு முறை பார்த்துவிட்டு எழுதிக்கொள்கிறேன் என்றார். அம்மா தலையை ஆட்டினாள். வாருங்கள் என்கிற மாதிரி ஆட்டினாள். அவர் வந்து பார்ப்பார், இவள் காட்டுவாள் என்று எனக்குத் தோன்றியது. பூட்டிய வீட்டில் நின்ற அந்தக் கட்டை கண்ணெதிரே வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், நான் கவரைத் திறந்தது உண்மைக்காக அல்ல. பயத்தால்தான்.

சான்றிதழை மேஜை மேல் வைத்து, "நைனா இல்ல சார். செத்துட்டாரு" என்றேன்.

அதிகாரி காகிதத்தைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். ஒரு ஃபாரத்தை எடுத்து நீட்டினார். இனி நீங்கள்தான் ஓனர், சட்டம் வந்தால் எந்தக் கம்பெனி என்பது உங்கள் இஷ்டம் என்று மெதுவாக எடுத்துச் சொன்னார். அம்மா அவர் காட்டிய இடத்தில் தமிழில் கையெழுத்துப் போட்டாள். "எனுக்கு எதுவும் வேணாம் சார்" என்றாள்.

பஸ் ஸ்டாண்டில் டீ வாங்கிக் கொடுத்தேன். குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். "இனிமே யாராச்சும் கதவத் தட்டினா நான் இன்னான்னு சொல்லறது?" என்று கேட்டாள். ஊருக்கெல்லாம் அப்ளிகேஷன் போட்டுக் கொடுக்கிறவள் நான், ஆறிப்போன டீயை அவள் கையிலிருந்து வாங்கிக் கொட்டிவிட்டு வேறு டீ வாங்கப் போனேன்.

அதற்குப் பிறகு அம்மா நகரியில் இருக்கவில்லை. வீட்டைப் பூட்டிக்கொண்டு என்னோடு வந்துவிட்டாள். நைனாவின் செருப்பை ஒரு துணிப்பையில் சுற்றிக் கட்டிலுக்கடியில் வைத்தாள். வேளைக்குச் சாப்பிட்டாள், டிவி பார்த்தாள், நான் கேட்டதற்குப் பதில் சொன்னாள், தானாக ஒன்றும் பேசவில்லை. நான் தினமும் பதினோரு மணிக்கு ஆப்பைத் திறந்து பார்த்தேன். ஒன்றுமில்லை. தரையோடு தரையாக ஒரு கோடு. கிளம்பும்போது மெயினை அணைத்துவிட்டுத்தானே வந்தோம், வேறு எப்படி இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முன்பு கட்டை நின்றதைப் பார்த்துப் பயந்தவள்தான் நான். இப்போது அது நிற்கவில்லையே என்று கடையில் உட்கார்ந்து அழுதிருக்கிறேன்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கணக்கெடுப்பு திருப்பதியில் எங்கள் தெருவுக்கும் வந்தது. இந்த முறை ஒரு ஆள். கையில் டேப், கழுத்தில் அட்டை. ஓனர் பெங்களூரில் இருக்கிறார், நாங்கள் வாடகைக்கு இருக்கிறோம் என்றேன். தட்டிக்கொண்டான். பிறகு டேப்பிலிருந்து கண்ணை எடுத்து, என் தோளுக்கு மேலாக வீட்டுக்குள் பார்த்தான். "இண்ட்லோ மொகவாள்ளு எவரன்னா உன்னாரா?" என்றான். வீட்டில் ஆம்பிளைகள் யாராவது இருக்கிறார்களா?

அது டேப்பில் இருந்த கேள்விதானா, அவனே கேட்டதா என்று தெரியவில்லை. நான் ஒருத்திதான், என்னிடமே சொல் என்றுதான் நான் சொல்லியிருக்கவேண்டும். ஒன்பது வருடமாகச் சொல்லி வந்தது அதுதான். வாயைத் திறந்தேன்.

"நைனா உள்ள கீறாரு" என்றேன்.

தெலுங்கில்கூட வரவில்லை. அந்தச் சொல்லை அன்னிய ஆளிடம் சொல்லி இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகிறது. மதுரைக்காரி கேட்டது சரிதான். உள்ளே கீறிற்று.

அவன் தலையை ஆட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனான். கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினால், அம்மா அறை வாசலில் நின்றிருந்தாள். கேட்டிருக்கிறாள். கட்டிலுக்கடியில் குனிந்து துணிப்பையை இழுத்தாள். செருப்பைத் துடைத்து, வெளியே கொண்டுபோய் வாசலில் போட்டாள், முனை வீட்டைப் பார்த்தபடி. பிறகு எனக்குக் காபி கலந்தாள், மத்தியானம் என்ன குழம்பு வைக்கலாம் என்று அவளாகவே கேட்டாள்.

சாயங்காலம் கடையிலிருந்து திரும்பிப் படியேறி வந்தபோது பார்த்தேன். செருப்பு தெருவைப் பார்த்துத் திரும்பியிருந்தது, யாரோ உள்ளேயிருந்து வெளியே கிளம்புவதற்காகப் போட்டு வைத்ததுபோல. மறுநாள் காலையில் மறுபடி வீட்டைப் பார்த்து இருந்தது. இன்றுவரை இப்படித்தான் நடந்துகொண்டிருக்கிறது.

எதுவானாலும் கேட்டுத் தெரிந்துகொள்கிறவள் நான். இதை மட்டும் அம்மாவிடம் கேட்கவில்லை. "நான்தான்டி திருப்பி வெக்கறேன்" என்று சொல்லிவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது.